உள்ளே ஊற்றிப் பார்த்தல்

சீட்டு எடுத்த பணத்தில் அவர் வாங்கி வந்தது
மேட்டூரில் ஏலம் போன படகு.
பன்னிரண்டடி. எடை போட்டு, கிலோக் கணக்கில்.
குட்டியானை வண்டியில் வால் நீட்டிக்கொண்டு
அம்மாப்பேட்டைச் சந்துக்குள் திரும்ப முடியாமல்
துளசிராம் வீட்டுக் காம்பவுண்டில் ஒரு கீறல் வைத்துத்தான்
வாசலுக்கு வந்தது.
அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை.
எந்த ஏரியில் விடப்போகிறார் என்றுகூடக்
கேட்க முடியாது, பேச்சில்லையே.

கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறவள் நான்.
வெள்ளி சொன்ன பேச்சைக் கேட்கும்:
வெண்காரம் தொட்டு ஊதினால்
பொடி உருகி இடுக்குக்குள் தானே ஓடும்.
அலுமினியம் அப்படியில்லை.
சுரண்டினால் பளிச்சென்று காட்டிவிட்டு
மூச்சு விடுவதற்குள் தோல் போர்த்திக்கொள்ளும்.
அந்தக் குணம் எனக்குப் புரிந்தது.
மூன்றாம் நாள்
மண்ணெண்ணெய்த் துணியோடு நானும் இறங்கினேன்.
பேசாமல்.

எவனோ தாரைக் காய்ச்சி அப்பியிருந்தான்.
அதற்குக் கீழே சைக்கிள் டியூப் துண்டு.
அதற்குக் கீழே சாக்குத் துணி.
அதற்கும் கீழே, உடைந்த ரிவெட்டுக்குப் பதிலாக
ஓர் இரும்பு போல்ட்,
சுற்றியிருந்த தகட்டை
வெள்ளை மாவாக அரித்துத் தின்றுகொண்டு.
ஓர் ஓட்டையை அடைத்த கை
நான்குக்கு விதை போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

சந்து முனையில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும்.
இந்தத் தகடும் அங்கே சிவப்பு மண்ணாகக் கிடந்து,
லாரியில் இறங்கி, உலையில் வெந்து வெளுத்ததாம்.
வெல்டிங் கடை தேவசகாயம் சொன்னார்.
இருக்கலாம்.
மலைக்கு ஞாபகமிருப்பதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாநகராட்சித் தண்ணீர்.
படகை நான்கு முக்காலிமேல் ஏற்றி
உள்ளே ஊற்றினோம்.
"தண்ணி வெளியதானே இருக்கணும்?" என்றான்
எதிர்வீட்டுப் பையன்.
ஓட்டைக்கு உள்ளும் வெளியும் ஒன்றுதான்.
அவனுடைய மஞ்சள் கிரேயானை வாங்கிக்கொண்டு
அடியில் படுத்து
சொட்டுகிற இடத்தையெல்லாம் சுழித்தேன்.
பதினான்கு வட்டம்.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும்.
சாய்த்த படகுக்கு வெளியே ஒருவர்
தலையை இரும்புக் கட்டியால் அணைத்துப் பிடிக்க,
உள்ளே ஒருவர் வாலைத் தட்டித் தட்டிப் பரப்ப.
நடுவே தகடு. முகம் தெரியாது.
ஒரு தட்டு என்றால், பிடித்தாயிற்றா.
இரண்டு என்றால், அடுத்ததற்குப் போ.
மூன்று தட்டுக்கு அர்த்தம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.
ஆனாலும் ஒருமுறை அவர் மூன்று தட்டினார்.
நான் கட்டியை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

வெடிப்பு மூன்றைத் தேவசகாயம் ஆர்கானில் மூடினார்.
மூட்டு ஓரமெல்லாம் சீலன்ட், விரலால் நீவி.
மறு செவ்வாய் மறுபடி நிரப்பி
நீர்மட்டத்தில் கிரேயான் கோடு இழுத்து
இரவு முழுக்க விட்டுவைத்தோம்.

காலையில் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே கிடந்தது தண்ணீர்.
அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.
அப்போதுதான் ரஹமத் பீ குடத்தோடு வந்தார்.
"நேத்து எங்க குழாய்ல காத்துதான் வந்துச்சு.
உங்க தொட்டியில ரெண்டு குடம் மோந்துக்கிட்டேன்,
இது மூணாவது."

தொட்டி!

அவருக்கு முன்னால் யார் யார் மோந்தார்களோ.
கசிந்தது எவ்வளவு, குடத்தில் போனது எவ்வளவு,
கோடு சொல்லாது.

அதனால் படுத்தோம்.
இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நான்,
மூஞ்சிக்கு மேலே ஒரு சின்ன ஏரியைத் தாங்கின தகடு.
ரிவெட் ரிவெட்டாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே நகர்ந்தோம்.
காய்ந்திருந்தது. காய்ந்திருந்தது.
பின்முனைக்கு ஒரு சாண் இருக்கையில்
என் சுண்டுவிரல் குளிர்ந்தது.

"இங்க" என்றேன்.

பதினேழு நாளில் முதல் சொல்.

"கிரேயான் உங்கிட்டதானே இருக்கு" என்றார்.