ப மட்டும் பிழைத்தது

மஞ்சக்குப்பத்தில் பல் செய்கிறேன்.
டாக்டர் இல்லை.
டாக்டர் அனுப்பும் அச்சுக்குள் மாவுக்கல் கரைத்து ஊற்றி
முகம் தெரியாத ஒருவர் வாய்க்கு
மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்குகிறவள்.
பள்ளம் மேடாகிற தொழில்.
பன்னிரண்டு வருஷத்தில் ஒருவருக்கும்
இடப்பக்கத்துப் பல்லை
வலப்பக்கம் வைத்ததில்லை.

அதே மெழுகுக்கத்திக்கு
ராத்திரியில் வேறு வேலை.
லாரன்ஸ் ரோட்டில் வாங்கிய ஐந்து ரூபாய் ரப்பர்,
பட்டர் பேப்பர், பென்சில்,
ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் முகப்பவுடர்.
வேண்டாததை எடுத்தால் வேண்டியது நிற்கும் என்பார்கள்.
பொய்.
கூடுதலாக எடுத்துவிடுவோம்,
பிறகு நின்றதுதான் வேண்டியது என்று
மனசைப் பழக்குவோம்.
அப்படித்தான் என் பாதிரிப்பூவுக்கு
இதழ் நான்கு.

பெரியநாயகியும் நானும் பேசிப்
பதினோரு மாசம்.
அவள் மகன் இளந்திரையனுக்கு மூன்றாம் பிறந்தநாள்.
தேவனாம்பட்டினத்து வீட்டில்
பலூனுக்கும் ஃபேனுக்கும் சண்டை.
கேக் தட்டைக் கையில் வாங்கியபடி கேட்டேன்:
‘என்னடி, இவன் வாய் இன்னும் திறக்கலையா?’
நாலு பேர் சிரித்தார்கள்.
எனக்கு அது தொழில் பேச்சு.
அவள் மட்டும்
தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக
அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

நாலாம் பிறந்தநாளுக்கு அழைப்பில்லை.
ஒரு தலையணை உறையைக் கஞ்சி போகத் துவைத்து,
உலர்த்தி,
பழைய போர்வை மேல் விரித்தேன்.
கெடிலத்துச் சேற்றில் பார்த்த நண்டு,
ஒரு கொடுக்கு சின்னது, ஒரு கொடுக்கு மகா பெரிது.
பேப்பரில் வரைந்து கவிழ்த்துத் தேய்த்து
முறையாகச் செதுக்கினேன்.
ஒற்றி, பத்து வரை எண்ணி,
தூக்கினால்
துணியில் ஒரு நீல நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
இருபத்திரண்டு நண்டு.
ஒன்றுக்கு மை போதாமல் கால் இல்லை.
விட்டுவிட்டேன்.

வாழ்த்து அட்டைதான் பாக்கி.
அதற்கும் ஒரு ரப்பர்.
‘வாழ்க’ என்றுதான் நினைத்திருந்தேன்.
மணி ஒன்றே கால். தெருவில் நாய்கூட இல்லை.
பேப்பரில் எழுதவில்லை, கவிழ்க்கவில்லை,
நேராக ரப்பர் மேலேயே
பேனாவால் எழுதி
மூச்சுவிடாமல் செதுக்கி
அட்டையில் அழுத்தி எடுத்தேன்.

மன்னிப்பு
தலைகீழாகவும் இல்லை, நேராகவும் இல்லை.
வலமிருந்து இடமாக நடக்கிறது.
ம முதுகைக் காட்டுகிறது.
னி யாரோ உதறிய கயிறு.
நடுவில் ப் மட்டும்
எந்தப் பக்கம் பார்த்தாலும் தானாகவே,
உச்சியில் புள்ளியோடு.
பன்னிரண்டு வருஷம் இடம் வலம் தவறாத கை.

கையில் வேறு அட்டை இல்லை.
இருந்திருந்தாலும்
இரண்டாம் தடவை செதுக்கும் தைரியம் இல்லை.
உறை, அட்டை, நண்டு அச்சு,
தீரப்போகிற நீல மை டப்பி,
எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்
கூரியரில் சேர்த்தேன்.
உள்ளூருக்கா, என்று பையன் இரண்டு முறை கேட்டான்.

நான்காம் நாள்
போனில் இரண்டு படம் வந்தது.
சட்டையில்லாத இளந்திரையன்,
வயிற்றில் ஆறு நண்டு, நெற்றியில் ஒன்று,
சுவரில் எண்ண முடியாத கூட்டம்.
அடுத்தது பீரோக் கண்ணாடி.
கண்ணாடிக்குள் அந்த அட்டை,
எழுத்தெல்லாம் ஒழுங்காகத் திரும்பி.
அதைப் பிடித்திருக்கும் கை,
போன் மறைத்த பாதி முகம்.
மீதிப் பாதியை வைத்து
ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கீழே இரண்டு வரி:
‘மை தீர்ந்துபோச்சு. வரும்போது எடுத்துட்டு வா.
பச்சை வேணுமாம்.’

வேணும் இல்லை.
வேணுமாம்.

வாயால் சொன்னானா, விரலால் காட்டினானா,
கேட்கவில்லை.
லாரன்ஸ் ரோட்டுக் கடைக்காரர்
இளம்பச்சையா, இலைப்பச்சையா என்கிறார்.
இரண்டிலும் ஒன்று கொடுங்கள்.