இதர விவரங்கள்

லோதி ரோடு, ஆறாம் மாடி, நவம்பர்.
ஜன்னலுக்கு வெளியே மூன்று நாளாக ஒன்றுமில்லை,
புகை.
நான் காடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

போன முறை வரை இதே வேலை நான்கு தடவை.
ரோமுக்கு ஒரு படிவம், பானுக்கு ஒன்று,
மாண்ட்ரியாலுக்கு ஒன்று,
யாருக்கென்றே தெரியாமல் ஒன்று,
அதற்குத்தான் அதிகம் அவசரப்படுத்துவார்கள்.
ஒரே மலைச்சரிவு
ஒன்றில் காடு, ஒன்றில் மரமுள்ள பிற நிலம்,
இன்னொன்றில் கரியமிலக் கிடங்கு,
நான்காவதில் கூட்டல் தப்பி
காணாமலே போயிருந்தது.
எது சரி என்று கேட்டு வந்த கடிதத்துக்கு
எல்லாமே சரி என்று பதில் எழுதியவளும் நான்தான்.
பொய்யில்லை.

இந்த வருடம் எல்லோருக்கும் ஒரே படிவம்.
சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல விஷயம்.
பிள்ளை தூங்குமுன் வீடு சேர்கிறேன்.

அரை ஹெக்டேர். ஐந்து மீட்டர் உயரம்.
நூற்றுக்குப் பத்துப் பங்கு விதானம்.
இருந்தால் காடு.
இந்தக் கணக்கில்
ரிட்ஜில் மண்டிக் கிடக்கும் விலாயதி கீக்கரும் தேறிவிடுகிறது.
ஊரில் அதற்குச் சீமைக் கருவேலம் என்று பெயர்,
கோர்ட்டே வெட்டச் சொன்ன மரம்.
இங்கே தலைநகரின் நுரையீரல்.
சுடுகாடு தேறவில்லை,
பெயரிலேயே காடு இருந்தும்.

பக்கத்து மேசை லால்ரின்புயி
ஐஸ்வாலிலிருந்து வந்த தாளைத் தூக்கிக் காட்டினாள்.
ஜூம் கொல்லை. இந்த மார்ச்சில் எரித்தது.
"ஒரு வருஷம் நெல். எட்டு வருஷம் விட்டால் காடு.
எந்த வருஷத்தைக் கேட்கிறது உன் படிவம்?"
ஐந்தால் வகுபடும் வருஷத்தை, என்றேன்.
"அந்த வருஷம் மட்டும் நெல் வேண்டாம் என்று
அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்."

என் பங்குக்குச் சமோலி.
கோடையில் தீப்பிடித்த பைன் சரிவு.
விதிப்படி அது இன்னும் காடுதான்,
தற்காலிகமாக விதானம் இழந்தது.
கார்டு குந்தன் பர்த்வால்
பழைய தாளில், இதர விவரங்கள் என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதியிருந்தார்:
பேட் ஹைன், சாயா நஹீன்.
மரம் இருக்கிறது. நிழல் இல்லை.

புதுப் படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை.
வேண்டாததைக் கழித்தபோது அதுவும் போயிருக்கிறது.
குறை சொல்ல முடியாது,
பெரும்பாலும் காலியாகத்தான் வந்ததாம்.
எண் கட்டத்தில் எழுத்தை அடித்துப் பார்த்தேன்.
சிவந்து, எண் மட்டும், என்றது.
வாத்வானி சார் முதுகுக்குப் பின்னால் நின்று
"நாட்டுக்கே ஒரு எண்தான் போகும்,
இதில் நிழலை எங்கே வைப்பாய்?" என்று கேட்டார்.
கேட்டுவிட்டு
போகாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

கோப்பு இணைக்கும் இடத்தில்
பெயர் வைக்கத் தடையில்லை.
வரைபடம் மூன்றுக்கு,
ரோமுக்குப் போவதால் ரோமன் எழுத்தில்,
அந்த வரியையே பெயராக வைத்தேன்.
இடைவெளி விடக் கூடாது. அடிக்கோடு போட்டேன்.
மாலை ஐந்து ஐம்பது.
அங்கே மதியம் ஒன்று இருபது,
யாரோ சாப்பிடப் போயிருப்பார்கள்.
அனுப்பினேன்.

மறுநாள் பதில்.
கோப்பின் பெயரை விதிமுறைப்படி மாற்றவும்:
நாட்டுக் குறியீடு, ஆண்டு, வரிசை எண்.
கையெழுத்துக்குச் சற்று மேலே இன்னொரு வரி.
அந்தப் பெயருக்குப் பொருள் என்ன?
விதிக்காகக் கேட்கவில்லை.

பெயரை அப்போதே மாற்றிவிட்டேன்.
பதில்தான் இன்னும் முடியவில்லை.
கடைசிச் சொல்லில் நிற்கிறது.
நிழலுக்கு ஆங்கிலத்தில் இரண்டு கட்டம்,
வெயிலில் ஒதுங்க ஒன்று,
கூடவே வர ஒன்று.