நோகவில்லை என்றான்

மைனஸ் பத்தொன்பது.
குஹ்மோவுக்குக் கிழக்கே, சாலை முடிந்து
இன்னும் நான்கு கிலோமீட்டர் உள்ளே,
ஹார்வெஸ்டர் தன் ஒற்றைக் கையை
மரங்களுக்கு மேல் தூக்கியபடி நிற்கிறது.
அடியில் பனி
கடுந்தேநீர் நிறத்தில் குழிந்திருக்கிறது.

மணிக்கு மூன்று லிட்டர் போகிறது என்று
காலையில் போன் செய்தான் வெய்யோ.
எங்கிருந்து என்று தெரியவில்லையாம்.
கையால் தேடாதே, என்றேன்.
தெரியும், என்றான்.
விரல் போன எல்லாருக்கும்
தெரிந்துதான் இருந்தது.

சொட்டினால் எனக்குக் கவலையில்லை.
சொட்டு தன் இடத்தைத் தானே சொல்லும்.
இது சொட்டாது.
மயிரிழை அளவு துளை,
அதன் பின்னால் இருநூற்று எண்பது பார்.
வெளியே வருவது எண்ணெய் என்றே தோன்றாது,
யாரோ குளிரில் விட்ட மூச்சு போல
இருக்கும், இராது.
தோலை அது கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

வண்டியில் எப்போதும் ஒரு வாழைப்பழப் பெட்டி,
கடையில் சும்மா கொடுப்பார்கள்.
ஒரு பக்கத்தைக் கிழித்து
இரண்டு மீட்டர் கழி நுனியில் கட்டினேன்.
கண்ணாடி மாட்டினேன்.
நீ கேபினிலேயே இரு,
இன்ஜின் மெதுவாக ஓடட்டும்,
நான் கை காட்டும்வரை இறங்காதே.

ஹோஸ் ஹோஸாக அட்டையை நகர்த்தினேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
மூன்றாவது வளைவில்
அச்சடித்திருந்த மஞ்சள் சீப்பின் குறுக்கே
ஈரமாக ஒரு கோடு விழுந்தது.
நான் பார்க்கப் பார்க்க
அட்டை அந்தக் கோட்டில் பிளந்தது.

பிறகு வழக்கமான வேலை.
கையைத் தரையில் இறக்கு. இன்ஜினை நிறுத்து.
சாவி இருக்கட்டும், லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டு.
அக்யுமுலேட்டரைத் திறந்து
மானி முள் பூஜ்யத்தில் படுக்கும்வரை நின்றேன்.
நின்றுபோன எந்திரத்தையும்
தூங்கும் நாயையும் நான் ஒரேமாதிரிதான் நெருங்குவேன்.

முப்பத்தாறு ஸ்பேனர் கொடு, என்றேன்.
இடக்கையால் நீட்டினான்.
வெய்யோ வலக்கைக்காரன்.

கையுறையைக் கழற்று.
அட, ஒன்றுமில்லை.
கழற்று.
சுட்டுவிரல் அடியில் ஒரு புள்ளி,
கொசு கடித்ததைவிடச் சிறியது.
சுற்றிலும் தோல் மெழுகு போல வெளுத்திருந்தது.
எப்போது? பதினோரு மணிக்கு.
இப்போது ஒன்றரை.
நோகிறதா?
நோகவில்லை, என்றான்,
ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

ஸ்பேனரைப் பனியிலேயே போட்டேன்.

கயானிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
வழியெல்லாம் பேசினான்:
வெள்ளிக்குள் முடிக்க வேண்டிய ஒப்பந்தம்,
எந்திரத்தின் தவணை,
ஒரு புள்ளிக்கு இவ்வளவு பெட்ரோலா.
பையிலிருந்து ரொட்டியை எடுத்தான்,
பிடுங்கிப் பின்னால் எறிந்தேன்.
மயக்க மருந்து கொடுப்பார்கள், தின்னாதே.
கையை உயர்த்திப் பிடி, அமுக்காதே.
ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு
காயம் என்று சொல்லவில்லை.
உள்ளே எண்ணெய் பாய்ந்திருக்கிறது என்றேன்,
எத்தனை பார், எந்த எண்ணெய், எத்தனை மணி
எல்லாம் சொன்னேன்.
எதிர்முனையில் குரல் மாறியது.

சோட்காமோ தாண்டியதும் பேச்சை நிறுத்திக்கொண்டான்.
விரல் மடங்கவில்லை.

உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுவரை திறந்தார்கள்.
எண்ணெய் அதுவரை போயிருந்தது.

மறுநாள் தனியாகத் திரும்பி வந்தேன்.
ஸ்பேனரை உறைபனி பிடித்து வைத்திருந்தது.
ஹோஸைப் பிடித்திருந்த கவ்வி ஒன்று
எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது.
அதன்பின் அது இரும்பில் உரசி உரசி
தன் கம்பிப் பின்னலை வெளியே காட்டியிருக்கிறது.
டேப் சுற்றவில்லை. முழு ஹோஸும் புதிது,
இரண்டு ஓ-ரிங், கவ்வி ஒன்று.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
விரல் இருக்கிறது, என்றான்,
பாதிதான் மடங்குமாம்.
பிறகு: டேங்கில் எவ்வளவு குறைந்தது?
பதினெட்டு லிட்டர் ஊற்றினேன்.
அதில் எனக்குள் எவ்வளவு போயிருக்கும், துவோவி?
ஒரு தேக்கரண்டிகூட இருக்காது.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
இப்போது நோகிறது, என்றான்.
நல்லது, என்றேன்.

புதிய ஹோஸ் எதிரே
மீண்டும் அட்டையைக் கழியில் நீட்டினேன்.
பக்கத்து வெட்டிலிருந்து வந்த ஐலா
கேபினில் அழுத்தத்தை மெல்ல ஏற்றினாள்.
அட்டை காய்ந்தே இருந்தது.
ஆனாலும் இறக்கவில்லை,
தோள் கடுக்கும்வரை.