மான் தின்ற அறிவித்தல்

மூன்றாம் ஒழுங்கையை மூடிய இரவு
பி.எச்.ஐ ஐயா ஒட்டிவிட்டுப் போன தாளை
விடிவதற்குள் மான் தின்றுவிட்டது.
சந்தை பூட்டிக் கிடக்கிறது,
கோவா இலை இல்லை, பழத்தோல் இல்லை.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கி
திருக்கடலூர் மதில்களில் பசையை நக்கி
அரசாங்க முத்திரையையும் மென்றுவிட்டுப் போயிருந்தன.
"பதினான்கு நாட்களுக்கு" என்ற துண்டு மட்டும்
மதிலில் மிச்சம்.

அதனால்தான் ரெஜினோல்டைக் கூப்பிட்டோம்.
லொத்தர் விற்கும் ஓட்டோ,
கூரையில் இரண்டு ஒலிபெருக்கி,
நாளைய கோடீஸ்வரர் நீங்கள்தான் என்று
இருபது வருடம் ஊருக்குச் சொல்லிப் பழகிய தொண்டை.
"வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம்" என்று
அவர் வாசித்தாலும்
யாருக்கோ முதல் பரிசு கிடைத்ததுபோலவே கேட்டது.
காய்ச்சலோடு படுத்திருந்த சகுந்தலா அக்கா
ஜன்னலைத் திறந்து
"எனக்கு என்ன தம்பி விழுந்திருக்கு?" என்றாள்.

நான் சீ.ஆர் கொப்பியோடு பின்னால் நடந்தேன்.
நாற்பத்தொரு வீடுகள்.
இருமல் உண்டா, மணம் தெரிகிறதா,
கொழும்பிலிருந்து யாரும் வந்தார்களா:
கச்சேரி தந்த கேள்விகள் இவ்வளவுதான்.
எட்டாம் வீட்டில் கேஸ் முடிந்து இரண்டு நாள்.
பன்னிரண்டில் குழந்தையின் பால்மா நாலு கரண்டி.
இருபத்திமூன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள்,
ஐயாயிரம் ரூபாய்ப் பட்டியலில் பெயர் இல்லை.
பதினேழில் தனேஸ்வரன்
"ஒரு குறையும் இல்லை பிள்ளை" என்றான்.
கேற்றுக்குள் நின்ற நாயின்
விலா எலும்புகளைப் பார்த்துவிட்டு
அரிசி, பருப்பு என்று நானே எழுதிக்கொண்டேன்.

சாமான்கள் வரத்தான் செய்தன.
ஜமாலியாவிலிருந்து முபீதா டீச்சர் நோன்புக் கஞ்சி அனுப்பினா.
விற்க இடமில்லாத சூடை மீன் வாளி வாளியாய் வந்தது.
ஆனால் பையை வைத்துவிட்டு
வீட்டிலக்கம் சொல்லிக் கூப்பிட்டால்
கேற் திறப்பதில்லை.
வாங்குவதை ஒழுங்கையே பார்க்கும்.
இரவு வரை நின்ற பைகள் மானுக்குப் போயின.

நாலாம் நாள் ரெஜினோல்ட்
என் கொப்பியை எட்டிப் பார்த்தார்.
தொண்டையைச் செருமினார்.
"இன்றைய அதிர்ஷ்ட இலக்கம்... ஒன்று... ஏழு!
பதினேழுக்கு விழுந்திருக்கு!"

ஒரு நிமிடம் ஒழுங்கை மூச்சு விடவில்லை.
பிறகு எங்கோ ஒரு பிள்ளை கைதட்டியது,
எதிர்வீட்டு மதிலுக்கு மேலால்
"அடிச்சுதடா உனக்கு" என்றது ஒரு குரல்.
தனேஸ்வரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
சிரித்தபடி வந்து
ஐந்து கிலோ நாட்டரிசியைத் தோளில் தூக்கிப் போனான்.

அதன்பின் எல்லா இலக்கமும் விழுந்தது.
எதுவும் தேவைப்படாத வங்கிக்காரர் வீட்டுக்கும்
ஒரு பனடோல் அட்டை விழுந்தது,
வெட்கம் யாருக்கும் தனியாக இருக்கக் கூடாது என்று.

முப்பத்தாறு மட்டும் விழவில்லை.
அது ரெஜினோல்டின் வீடு.
நான் கேட்கவும் இல்லை,
இருமலை ஒலிபெருக்கியின் கரகரப்பு என்றுதான் நினைத்தேன்.

பத்தாம் நாள் அவரை பஸ்ஸில் ஏற்றினார்கள்.
படியில் நின்று திரும்பி
"பற்றரிக்குத் தண்ணி ஊத்து" என்றார், அவ்வளவுதான்.

ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போய்
ஒழுங்கை நடுவில் நிறுத்தி மைக்கைப் பிடித்தேன்.
என் குரலில் யாருக்கும் எதுவும் விழாது,
பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற குரல்.
முப்பத்தாறு, என்றேன்.
சீனி வருத்தக் குளிசை, சவ்வரிசி, ஒரு பாண்.
கேற் அசையவில்லை.

அப்போது ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள்
அவரைப் போலவே இழுத்து,
அவரைப் போலவே கடைசி எழுத்தில் ஏறி,
"மூன்று... ஆறு... விழுந்திருக்கூ!"

ஜெசிந்தா அக்கா கதவைத் திறந்தா.
முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிலேயே நின்றா.
நான் என்ன சொல்லலாம் என்று தேடினேன்.
"கெதியா எடுங்கோ அக்கா" என்றேன்,
"மான் நிக்குது."