பழைய சிபியூ

செல்லூரில் சத்தமில்லாத அறை வேண்டும் என்றதும்
ஏணியில் நின்றபடியே சிரித்தான் காஜா.
"தறி ஓடுற தெருவுலயாக்கா?"

எனக்கு வேலை குரல்.
பெட்ஷீட் விற்கும் ஆட்டோவிலும்
கல்லுப்பு விற்கும் சைக்கிளிலும்
"வாங்கம்மா வாங்க" என்பது நான்தான்.
உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதணி விழாவில்
விடிய விடிய மொய் வாசித்திருக்கிறேன்.
குழாயில் போகும் குரலுக்குப் பின்னால்
என்ன இரைந்தாலும் யாருக்குத் தெரியும்?
இப்போது பாடப்புத்தகம் வாசிக்கச் சொல்கிறார்கள்,
பார்வையில்லாத பிள்ளைகளுக்கு.
அனுப்பிய முதல் பாடம் திரும்பி வந்தது:
பின்னால் யாரோ மாவு அரைக்கிறார்கள்.

யாரும் அரைக்கவில்லை.
தம்பி காலேஜ் முடித்து விட்டுப்போன
கறுப்புப் பெட்டி அது.
மூன்று விசிறி, ஆளுக்கொரு சுருதி.
ஒன்றுக்கு எண்ணெய் விட்டேன்.
ஒன்றைப் பிடுங்கினேன்.
மூன்றாவது பிடிவாதக்காரி.

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து
விசிறியே இல்லாத ஒன்று வாங்கினேன்,
டிபன் பாக்ஸ் அளவு, தொட்டால் காய்ச்சல் சூடு.
அதையும் நம்பாமல் குளியலறைப் பரணில் ஏற்றினேன்.
சுவரில் ஒரு ரூபாய் அகலம் துளை போட்டு
ஒயர் இழுத்துக் கொடுத்தான் காஜா.

ஸ்பீக்கர் இரண்டுக்கும் அடியில்
பழைய ஹவாய் செருப்பை வெட்டி வைத்தேன்.
இடதுக்கும் வலதுக்கும் என் தலைக்கும்
ஒரே தூரம் இருக்க வேண்டுமாம்;
எதிர் ஷெட்டில் கேட்டு வாங்கிய நூலால்
மூன்று பக்கமும் அளந்தேன்.
அவர்கள் கொசுறாய்த் தந்த பஞ்சுக்கழிவு
மூட்டை மூட்டையாய் மூலைகளில்.
ஹெட்போனில் என் குரல்
இம்மி பிந்தி வந்தது,
நான் சொல்வதையெல்லாம் யோசித்துவிட்டுச் சொல்லும்
இன்னொருத்தி உள்ளே இருப்பதுபோல.
ஒரு பொத்தானைத் தட்டி அவளை அனுப்பிவைத்தேன்.

மிச்சம் இருந்தது தெரு.
அதற்குத் தேதி உண்டு:
மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து.
தறிகள் நின்றன. மிக்சிகள் நின்றன.
இரவல் பேட்டரியில், கதவைச் சாத்தி,
"வேர்த்தூவிகள் மண்ணிலுள்ள நீரை உறிஞ்சி"
என்று தொடங்கி
மூச்சு வாங்க நிறுத்தினேன்.

காதுக்குள் ஓர் ஆண் குரல், சன்னமாக:
"இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கண்ணே."
ஒரு செருமல்.
கொஞ்சம் கம்பீரம் கூட்டி:
"ரெண்டே மாசம். பொறுத்துக்கிருங்கண்ணே."
மறுபடி முதலிலிருந்து, இந்த முறை சிரித்துக்கொண்டே.
பக்கத்து வீட்டுச் செவத்தையா.
எதிரில் ஆள் இல்லை. ஒத்திகை.

பத்து வருஷமாய் ஒரே சுவர்.
இன்றைக்குத்தான் கேட்கிறது.

அப்படியென்றால்
நானும் மணிராசுவும் நடுச்சாமத்தில் பார்த்த கணக்குகள்,
அவன் போன மறுநாள்
பாத்திரம் விளக்கிக்கொண்டே நான் வைத வசவு,
அதற்கப்புறம் வந்த வேறு சத்தம்
எல்லாவற்றையும் அந்தப் பக்கம் போகாமல்
பிடித்து வைத்திருந்தவள் அவள்தானா,
எண்ணெய்க்கும் மசியாத மூன்றாவது?

பதிவை அழித்தேன்.
அழிந்துவிட்டதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.
ஐந்து மணிக்கு வரவேண்டிய கரண்ட்
ஆறேகாலுக்கு வந்தது.
தறிகள் ஒவ்வொன்றாய் இருமிக்கொண்டு எழுந்தன.

காயலான் கடைக்கென்று ஒதுக்கிய கறுப்புப் பெட்டியைத்
தூசி தட்டி எடுத்தேன்.
பிடுங்கிய விசிறியை மாட்டினேன்.
திரையில்லை, கீபோர்டு இல்லை.
பொதுச்சுவரை ஒட்டி வைத்து
சுவிட்சைப் போட்டேன்.

வேலை இல்லாத இரவுகளில் அது ஓடுகிறது.
மீட்டரைப் பார்த்துவிட்டுக் காஜா கேட்கிறான்,
"எதுக்குக்கா இது சும்மா ஓடுது?"

மாவு அரைக்குது என்கிறேன்.