மான் தின்ற பில்

சிவப்பு எழுத்தில் வந்திருந்தது கறண்ட் பில்.
நாலாயிரத்து எண்ணூற்று அறுபது.
பதினான்காம் திகதிக்குள் கட்டாவிட்டால் வெட்டுவோம் என்று
மூன்று மொழியிலும் போட்டிருந்தார்கள்.
மூன்றிலும் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
ஒன்றிலும் குறையவில்லை.

என்னிடம் மூவாயிரத்து நூறு.
சாறிக்கு ஃபோல்ஸ் அடித்தால் ஒன்றுக்கு இருநூற்றைம்பது.
ஏழு சாறி அடித்தாலும்
பத்து ரூபா இடிக்கும்.
அந்தப் பத்து ரூபாதான் இரவு முழுக்க
நுளம்பு மாதிரிக் காதடியில் நின்றது.

ஓட்டோவை லீசிங்காரர் இழுத்துக்கொண்டு போன பிறகு
வாகீசன் சீனக்குடாவுக்கு மா மூட்டை ஏற்றப் போகிறார்.
திரும்பி வரும்போது மீசை வெள்ளை, இமை வெள்ளை.
"அப்பா கிழவனாப் போயிட்டார்" என்று
அபிநயா கதவடியில் நின்று கத்துவாள்.
இரண்டு வாளித் தண்ணீரில்
முப்பத்தாறு வயதுக்குத் திரும்பி வருவார்.
தண்ணீர் பில் வேறாக வரும்.
அது வரும்போது பார்க்கலாம்.

கனடாவிலிருந்து மச்சாள் குரல்பதிவு அனுப்பினாள்:
"பொசிற்றிவ்வா இருங்கோ அண்ணி, எல்லாம் சரிவரும்."
பின்னால் பஸ் கதவு மூடும் சத்தம்.
அவள் இரண்டாவது வேலைக்குப் போகிற நேரம் அது.
கட்டைவிரல் ஒன்று அனுப்பினேன்.
அவளும் ஒன்று அனுப்பினாள்.
இரண்டு கட்டைவிரலும் கொஞ்சநேரம்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

பன்னிரண்டாம் திகதி, பஸ் நிலையம்.
பைக்குள் ஆட்களின் நாலு சாறி,
ஓரத்தில் செருகிய பில்.
புல்மோட்டை பஸ்ஸுக்கு வழிவிடாமல் படுத்திருந்த
மான்களில் ஒன்று எழும்பி வந்தது.
ஊர் மான். ஹோர்ன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காது.
பாண் சுற்றின பேப்பரா, பழத்தோலா என்று மணந்து பார்த்து
சிவப்பெழுத்தை மெல்ல இழுத்தது.
என் கையில் மிஞ்சியது ஓரம் மட்டும்.
மொத்தத் தொகை அதன் வாய்க்குள்.
மூன்று மொழியும் அதன் வாய்க்குள்.

அழத்தான் வாயைத் திறந்தேன்.
வந்தது சிரிப்பு.
கச்சான் விற்கிறவர் சிரித்தார்,
கண்டக்டர் மிதிபலகையில் நின்று சிரித்தார்,
எத்தனை மாதத்துக்குப் பிறகோ,
விலா நோகும்வரை சிரித்தேன்.
மான் மட்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தது,
வட்டிக்காரன் மாதிரி ஆறுதலாக.

கட்டணக் கவுன்டரில் ஜெஸீமா இருந்தா.
"பில் எங்க?"
"மான் திண்டிட்டுது."
"கிழமைக்கு ஒண்டு இப்படி வரும்" என்றா,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.
பிறகு குரலை இறக்கி,
"முழுக்கக் கட்ட ஏலாட்டி இப்ப பாதியக் கட்டுங்க.
வெட்ட மாட்டாங்க."
மூன்று மொழியிலும் இல்லாத வரி அது.

இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டினேன்.
மிச்சம் அறுநூறு.
கடன் எங்கேயும் போய்விடவில்லை.
அடுத்த மாதத்துக்குள் போய்
குந்தியிருக்கிறது, அவ்வளவுதான்.
ஆனால் அந்தப் பத்து ரூபாவைக் காணவில்லை.
காதடியில் கடல் கேட்டது.

உட்துறைமுக வீதியால் நடந்தே வந்தேன்.
எண்ணெய் பூசினதுபோல் கிடந்தது தண்ணீர்.
தூரத்தில் ஒரு கோதுமைக் கப்பல்.
அதிலிருந்து இறங்குவதில் ஒரு சிட்டிகை
என்றைக்கோ ஒருநாள்
வாகீசனின் இமையில் ஏறி எங்கள் வீட்டுக்கு வரும்.

அரைக்கிலோ கதலி வாங்கி
ஒன்றை நானே உரித்துத் தின்றேன்.
பாதி பிய்த்து யாருக்கும் வைக்கவில்லை.
முழுப்பழம்.
தோலை ஒரு மானிடம் நீட்டினேன்.
அதே மானா, தெரியாது.
"இத்தோட எங்கட கணக்கு முடிஞ்சுது" என்றேன்.

தின்று முடித்துவிட்டு
தலையைப் பைக்குள் விட்டது.