மூன்று இரவு, நான்கு பகல்

பணம் கட்டிய ரசீதில் அப்படித்தான் போட்டிருந்தது.
அந்தமான். மூன்று இரவு, நான்கு பகல்,
காலை டிபன் சேர்த்து.
கடற்கரைக்கு நடக்கிற தூரம்.
ஏசி உண்டு. பால்கனி, இருந்தால்.

அந்த 'இருந்தால்' என்ற சொல்லை
நீலமேகம் நாலு மாதமாகச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

பெருங்குடி விமான நிலையத்தில்
ஒரு பெண் மைக்கில் சொன்னாள்,
வங்கக்கடலில் புயல் என்று.
வெளியே வெயில்.
தாரில் செருப்பு ஒட்டுகிற மதுரை வெயில்.

வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.
ஆனால் காலையில்தான் வில்லாபுரத்தில் எங்கள் தெருவே
ஆட்டோ வரைக்கும் வந்து கையசைத்தது.
நாத்தனார் பெட்டி இரவல் தந்திருந்தாள்,
ஒரு சக்கரம் சுற்றாத பெட்டி.
எதிர்வீட்டுச் செங்கமலம்,
"சங்கெல்லாம் வேணாம் மதினி,
முத்துக் கம்மல் மாதிரி ஏதாச்சும்" என்றிருந்தாள்.
இந்த வெயிலில் புயல் என்றால் யார் நம்புவார்?
பணம் பத்தலையாம் என்பார்கள்.

"எங்க சார்?" என்றார் ஆட்டோக்காரர்.
யோசிக்காமல் இவர் சொன்னது,
"தெப்பக்குளம்."

லாட்ஜின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து எரியவில்லை.
மானேஜர் ஆதார் கார்டைப் பார்த்தார்.
வில்லாபுரம் என்று வாய்விட்டுப் படித்தார்.
எங்கள் நரையைப் பார்த்தார்.
"வீட்ல பெயிண்டிங் வேலையா?"
ஆமாம் என்றேன்.
முதல் பொய் அவர் கொடுத்தது.

ஆயிரத்து நானூறு ரூபாய் அறை.
வெந்நீர் ஆறு முதல் எட்டு.
துண்டில் வேறொரு லாட்ஜின் பெயர்.
மெத்தைக்கு நடுவே ஒரு பள்ளம்.
யார் எந்த ஓரத்தில் படுத்தாலும்
விடிகையில் இருவரும் பள்ளத்தில் கிடந்தோம்.
இருபத்தாறு வருடத்தில்
எங்கள் தேக்குக் கட்டில் இதைச் செய்ததில்லை.

குறை சொல்லவில்லை.
கதவைத் தட்டி ஒரு பையன்,
"உங்களுக்கு என்ன வேணும்மா?" என்றான்.
எனக்கு என்ன வேண்டும் என்று
சட்டென்று தெரியவில்லை.
இட்லி என்றேன்.

பால்கனி இருந்தது!
ஏசியின் முதுகும் ஒரு நாற்காலியும் மட்டும் கொள்ளும்.
முறை வைத்து உட்கார்ந்தோம்.
கீழே குளம், விளிம்பு வரை தண்ணீர்,
நடுவில் மைய மண்டபம்,
அதைச் சுற்றிக் கொஞ்சம் மரம்.
"தீவு" என்றார்.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.
அவர் கேலியாகச் சொல்லவில்லை.

பகலெல்லாம் உள்ளேயே.
சொந்த ஊரில் தலைமறைவு.
இரண்டாம் இரவு பதினோரு மணிக்கு,
ஜிகர்தண்டா வண்டிகள் போன பிறகு,
இறங்கிப் போய்க் குளத்து மதில்மேல் உட்கார்ந்தோம்.
பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார்.
தண்ணீர் இருபதடி கீழே.

சற்றுத் தள்ளி ஓர் ஆள்
டிபன் கேரியரைத் திறந்து வைத்துத்
தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
கோதண்டம். செங்கமலத்தின் புருஷன்.
நைட் ஷிப்ட் என்று தினமும் எட்டு மணிக்குக்
கிளம்புகிற கோதண்டம்.

பிசைந்த சோறு அவன் கையிலேயே நின்றது.
அந்தமானில் இருக்க வேண்டிய இரண்டு பேரை அவன் பார்த்தான்.
மில்லில் இருக்க வேண்டிய ஒருவனை நாங்கள் பார்த்தோம்.
எத்தனை மாதமாக என்று இவர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
மூடியில் வைத்து இரண்டு வடகம் நீட்டினான்.
ஓரம் கருகியிருந்தது. செங்கமலம் எப்போதும்
எண்ணெயைக் கொஞ்சம் அதிகமாகவே காயவிடுவாள்.
மூன்று பேரும் தீவைப் பார்த்துக்கொண்டே
நொறுக்கினோம்.

நான்காம் பகல் விளக்குத்தூணில் கம்மல் வாங்கினேன்,
எண்பது ரூபாய் முத்து.
தெரு முழுக்கக் கேள்வி.
என்ன மீன், என்ன பாஷை,
பிளேனில் காது வலித்ததா?
செங்கமலம் கம்மலைப் போட்டுத்
தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள்.
அவள் பின்னால் நின்ற கோதண்டம்
மெதுவாகக் கேட்டான்,
"தண்ணி என்ன நிறம் மதினி?"

"பச்சை" என்றேன்.

எட்டு மணிக்கு அவன் கேரியரோடு கிளம்பினான்.
இவர் வாசலுக்குப் போய்
அவன் தெரு முனை திரும்பும் வரை
கையசைத்துக்கொண்டிருந்தார்,
விமானத்துக்கு அனுப்புகிற மாதிரி.